புகைக்குழாயை மாற்றுதல் பயன் தருமா?

ஓசை மிகுந்த இடத்தில் ஆற்றலும் மிகுந்திருக்கும் என்று கருதுவது மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ள ஒரு மயக்கமாகும். நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழியைக் குழந்தைப் பருவத்திலேயே கற்ற நாம், ஒரு மோட்டார் சைக்கிள் இடிபோல் முழங்கிக்கொண்டு செல்லக் கண்டால் மட்டும் அப்பழமொழியை மறந்து, எத்துணை வலிமையுள்ள வண்டி என்று வியந்து நிற்கின்றோம். இம்மயக்கத்தின் காரணமாகவே, புதிதாக வாங்கிய வண்டியின் சைலன்ஸரைக் கழற்றிப் பரணில் எறிந்துவிட்டு, பணம் கொடுத்து வேறொரு குழாயைப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருக்கின்றது. தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் மாலை வேளையில் நிற்போர்க்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்தம் செவிகளே சான்று பகரும்.

இங்ஙனம் மாற்றுவோர் கூறும் காரணங்கள் நான்கு. வண்டிக்கு ஆற்றல் பெருகும் என்பது ஒன்று. பெட்ரோல் செலவு குறையும் என்பது மற்றொன்று. எடை குறையும் என்பது மூன்றாவது. ஓசை கம்பீரமாக இருக்கும் என்பது நான்காவது. இவற்றுள் எது உண்மை, எது பாதியுண்மை, எது பொய் என்பதை இயற்பியல் நூலின் துணைகொண்டு ஆராய்ந்து, நம் கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளுக்கு இம்மாற்றம் ஏற்புடைத்தா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகைக்குழாயின் தொழில்

பெட்ரோல் இயந்திரத்தினுள் நிகழ்வன நான்கு செயல்கள். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அதனை அமுக்குதல், மின்பொறியால் எரித்துப் பிஸ்டனைத் தள்ளச் செய்தல், எரிந்த வாயுவை வெளியேற்றுதல் என்பன அவை. பிஸ்டன் நான்கு முறை ஓடி இவற்றை முடிப்பதால் இதனை நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் என்பர். நிமிஷத்திற்கு 6,000 முறை சுழலும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரமொன்றில், வெளியேற்றும் வால்வு வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகின்றது. திறக்குந்தோறும் மிக்க வெப்பமும் அழுத்தமும் உடைய வாயு வெடியெனப் பாய்கின்றது. பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இவ்வாயுவோடு வீணே வெளியேறிவிடுகின்றது. வண்டியை ஓட்டப் பயன்படுவது ஏறக்குறைய நான்கிலொரு பங்கே.

இவ்வாயுவை ஏற்கும் புகைக்குழாய்க்கு நான்கு கடமைகள் உள. நச்சுப்புகையை ஓட்டுவோரிடமிருந்து அப்பால் கொண்டு செல்லுதல் முதலாவது. வெடியோசையை அடக்குதல் இரண்டாவது. புகையிலுள்ள நஞ்சை மாற்றுதல் மூன்றாவது. இயந்திரம் தடையின்றி மூச்சுவிடத் துணை செய்தல் நான்காவது. இயந்திரத்தின் தலையிலிருந்து வளைந்து வரும் குழாயைப் பட்டறைகளில் பெண்ட் பைப் என்பர். அதனை அடுத்துப் புகையைச் சுத்திசெய்யும் கலமும், இறுதியில் சைலன்ஸரும் அமைந்துள்ளன. சைலன்ஸரை வெட்டிப் பார்ப்போமாயின், உள்ளே தட்டிகளால் பிரிக்கப்பட்ட அறைகளையும் துளையிட்ட குழாய்களையும் காணலாம். ஒலியலைகள் இவ்வறைகளில் மோதித் திரும்பி, ஒன்றையொன்று எதிர்த்து வலி குன்றுகின்றன. தட்டிகளை நீக்கி, துளையிட்ட ஒரு நேர்க்குழாயை வைத்து, அதனைச் சுற்றிக் கண்ணாடி நாரைத் திணித்துச் செய்வதே ஃப்ரீ ஃப்ளோ என்று வழங்கும் சைலன்ஸராகும். அதில் வாயு எளிதிற் செல்லும். ஓசையும் எளிதிற் செல்லும்.

நான்காவது கடமையில்தான் மாற்றுவோரின் நம்பிக்கை நிலைபெற்றுள்ளது. தடை குறைந்தால் ஆற்றல் கூடும் என்று அவர் வாதிக்கின்றனர். அவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று.

அலைகளின் ஓட்டம்

வால்வு திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாயின் வழியே ஒலியின் வேகத்தில் ஓடுகின்றது. அது குழாய் அகலும் இடத்தையோ திறந்த வாயையோ அடைந்தவுடன், உறிஞ்சும் அலையாக மாறிப் பின்னோக்கித் திரும்புகின்றது. உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒரு சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கும் அத்தருணத்தில் அவ்வலை வந்து சேருமாயின், சிலிண்டரில் எஞ்சிய புகையை அது இழுத்துக்கொள்ளும்; புதிய கலவையும் தாராளமாக உள்ளே வரும். அலை முன்பின்னாக வந்தாலோ, புகை மீண்டும் உள்ளே தள்ளப்படும். அலை சென்று திரும்பும் காலத்தைக் குழாயின் நீளம் வரையறுக்கின்றது. வால்வு திறக்கும் காலத்தை இயந்திரத்தின் சுழற்சி வரையறுக்கின்றது. ஆதலின், ஒரு குறித்த குழாய் ஒரு குறித்த சுழற்சி வேகத்திற்கே பெருந்துணை செய்யும். மற்றொரு வேகத்தில் அதுவே இடையூறாகும். எல்லா வேகத்திற்கும் ஒருபோல் உதவும் குழாய் உலகில் இல்லை. வண்டியைச் செய்யும் கம்பெனியார் மக்கள் நாள்தோறும் ஓட்டும் வேகத்தைக் கணித்து, அதற்கேற்பக் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் அமைக்கின்றனர்.

இயந்திரத்திற்குப் பின்னழுத்தம் அவசியம் என்று சிலர் கூறக் கேட்கின்றோம். இது சரியன்று. புகையைத் தடுக்கும் அழுத்தத்தால் எந்த இயந்திரத்திற்கும் நன்மையில்லை. நன்மை செய்வது புகை ஓடும் வேகமே. ஒரே அளவு தண்ணீர் குறுகிய கால்வாயில் விரைந்தோடும்; அகன்ற கால்வாயில் மெல்ல ஊர்ந்து செல்லும் என்பதை முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் வளர்ந்த நம் மாணவர் அறிவர். அவ்வாறே, அளவுக்கு மேல் அகன்ற குழாயைப் பூட்டினால், இயந்திரம் மெல்லச் சுழலும்போது புகையின் ஓட்டம் தளர்ந்து, அதன் இழுக்கும் ஆற்றலும் தளர்ந்துவிடும். அகன்ற குழாயைப் பூட்டியபின் வண்டி கீழ்வேகத்தில் சோர்வதைக் கண்டோர், அதன் காரணத்தைப் பின்னழுத்தக் குறைவு என்று பெயரிட்டு அழைத்தனர் போலும்.

புகைக்குழாயை மாற்றினால் ஆற்றல் வெகுவாகப் பெருகும் என்னும் நம்பிக்கை எங்கிருந்து தோன்றிற்று என்று வினவலாம். அது வெறுங்கற்பனையிற் பிறந்ததன்று; இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களின் காலத்திற் பிறந்தது. அவ்வியந்திரங்களில் வால்வுகள் இல்லை. புதிய கலவை வரும் துளையும் புகை செல்லும் துளையும் ஒருசேரத் திறந்திருக்கும். ஆதலால் எரியாத கலவையில் ஒரு பகுதி புகையோடு தப்பி ஓடிவிடும். கிழக்கு ஜெர்மனியில் எம்.இஸட். என்னும் தொழிற்சாலையிற் பணியாற்றிய வால்டர் காடன் என்னும் பொறியியலறிஞர், 1950-களில் இக்குறையைத் தீர்க்கும் வழியை ஆராய்ந்து வளர்த்தார். குழாயை நடுவிற் பருத்தும் இரு முனைகளிலும் சிறுத்தும் இருக்குமாறு அமைத்து, திரும்பிவரும் அழுத்த அலை தப்பியோடிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுமாறு செய்தார். 1961 ஆம் ஆண்டில் அவருடைய 125 கன சென்டிமீட்டர் இயந்திரம் 25 குதிரைசக்தியைத் தந்தது. அவ்வாண்டிலேயே, அக்கம்பெனியின் பந்தய வீரரான எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் தேசத்தில் நடந்த பந்தயத்தின்போது தப்பிச் சென்று, இவ்வறிவை ஜப்பானிய சுஸுகி கம்பெனியாரிடம் சேர்ப்பித்தார். மறு ஆண்டே அக்கம்பெனியின் வண்டியில் அவர் 50 கன சென்டிமீட்டர் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். ஒரு புகைக்குழாயின் வடிவம் தேசங்களின் எல்லையைத் தாண்டிக் களவுபோகத்தக்க செல்வமாக இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை செய்யப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி இவ்வகை இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரமுடையது. அதன் குழாயை மாற்றிப் பயன் கண்ட பழைய மெக்கானிக்குகள் கூறுவது பொய்யன்று. ஆயினும் இக்காலத்தில் நம் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் கார்களும் பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக் இயந்திரமுடையன. அவற்றில் கலவையைக் காப்பது வால்வுகளின் வேலை. ஒன்றுக்கு உண்மையானதை மற்றொன்றுக்கும் உண்மையெனக் கொள்வது, தந்தைக்கு ஏற்ற மருந்தை மைந்தனுக்கும் கொடுத்தல் போலாகும்.

மலைச்சாலையில் நேர்வது

இனி நம் நாட்டுப்புறத்தை நோக்குவோம். கம்பம் பள்ளத்தாக்கு மலைகளால் சூழப்பட்டது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் சாலையில் 18 வளைவுகள் உள்ளன; அவற்றிற்குத் தமிழ் மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருப்பதை அவ்வழிச் செல்வோர் கண்டிருப்பர். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கும் ஏறும் சாலைகளும் இத்தகையனவே. இச்சாலைகளில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் வேகம் மிகக் குறைகின்றது. வளைவைக் கடந்தவுடன், ஏற்றத்தில், இருவரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு இயந்திரம் மீண்டும் எழவேண்டும். அப்பொழுது அது நிமிஷத்திற்கு 2,000 அல்லது 3,000 முறையே சுழல்கின்றது. அங்கு வேண்டுவது உச்ச வேகத்தில் தோன்றும் ஆற்றலன்று. கீழ்வேகத்தில் உள்ள இழுவிசையே.

தட்டிகளற்ற அகன்ற குழாய் தருவதாகக் கூறப்படும் நன்மையோ உச்ச வேகத்திற்குரியது. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்ஸரை மட்டும் மாற்றுவதால் வரும் ஆற்றற்பெருக்கம் நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டுதல் அரிது. நம்மவர் பெரிதும் விரும்பும் ராயல் என்ஃபீல்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1955 ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருப்பெற்றுவரும் இவ்வண்டியின் அண்மைக்கால 349 கன சென்டிமீட்டர் இயந்திரம், நிமிஷத்திற்கு 6,100 சுழற்சியில் ஏறக்குறைய 20 குதிரைசக்தியைத் தருகின்றது. அதன் முறுக்குவிசை உச்சநிலையை எய்துவது 4,000 சுழற்சியில். புதிய குழாயால் நூற்றுக்கு 3 பங்கு ஆற்றல் கூடியதென்றே வைத்துக்கொள்வோம். வரவு 0.6 குதிரைசக்தி. அதுவும் 6,000 சுழற்சியை எட்டினால்தான் கைக்கு வரும். எந்தக் கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு சுழற்சியை எட்டமுடியும்?

மலையின் கணக்கு வேறொன்று உண்டு. உயர ஏறுந்தோறும் காற்றின் அடர்த்தி குறைகின்றது. 1,000 மீட்டர் ஏறினால் அடர்த்தி நூற்றுக்கு ஏறக்குறைய 10 பங்கு குறையும். காற்றை உறிஞ்சி எரிக்கும் இயந்திரத்தின் ஆற்றலும் அவ்வளவே குறையும். போடியினின்று போடிமெட்டுக்கு ஏறுவோர் ஏறக்குறைய இவ்வுயரத்தை ஏறுகின்றனர். எனவே 20 குதிரைசக்தியில் 2 குதிரைசக்தியை மலை எடுத்துக்கொள்கின்றது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய ஆற்றலைப்போல் மூன்று மடங்கை மலைக்காற்று விலையின்றிப் பறித்துக்கொள்கின்றது. இதற்கு மருந்து சைலன்ஸரில் இல்லை. கியரை உரிய காலத்தில் இறக்கி ஓட்டும் கையிலேயே உள்ளது.

எடை குறைதலும் இத்தகையதே. பழைய சைலன்ஸரினும் புதியது 3 கிலோகிராம் இலேசானது என்று கொள்வோம். வண்டியின் எடை 195, இருவர் எடை 130, ஆக 325 கிலோகிராமில் 3 குறைந்தால் அது நூற்றுக்கு ஒரு பங்கும் ஆகாது. பந்தயக் களத்தில் அதற்கு மதிப்புண்டு. தேவாரத்திற்குத் தேங்காய் வாங்கச் செல்வோர்க்கு அதனால் ஆவதொன்றில்லை.

வரவு செலவுக் கணக்கு

பெட்ரோல் மிச்சமாகும் என்பாரின் வாதத்தையும் எண்ணிப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தருமாயின், மாதத்திற்கு வேண்டுவது 25 லிட்டர். குழாயை மாற்றியதால் நூற்றுக்கு 3 பங்கு மிச்சமானதென்று தாராளமாகவே கொண்டாலும், மிச்சம் முக்கால் லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 75 ரூபாய். 6,000 ரூபாய் கொடுத்து வாங்கிய சைலன்ஸர் தன் விலையைத் திருப்பித்தர 80 மாதங்கள் ஆகும். அதாவது ஆறே முக்கால் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு இருமுறை முடிந்துவிடும்! உண்மையிலோ அம்மிச்சமும் கிடைப்பது அரிது. ஓசையின் இன்பத்தில் ஆக்ஸிலரேட்டரை மிகுதியாக முறுக்குவது மனித இயல்பாதலால், செலவு கூடுவதே பெரும்பான்மை.

இன்னும் ஒரு செலவும் உண்டு. புகை எளிதாக வெளியேறினால் காற்று மிகுதியாக உள்ளே வரும். அதற்கேற்பப் பெட்ரோலும் அளவு மாற்றி விடப்படவேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் அதன் ஜெட் என்னும் துளையை மாற்றினால் போதும். இக்கால வண்டிகளிலோ பெட்ரோலை அளந்து விடுவது ஒரு கணிப்பொறி. புகையில் எஞ்சியுள்ள பிராணவாயுவைப் பெண்ட் பைப்பிலுள்ள ஓர் உணர்கருவி அளந்து அதற்குச் செய்தி அனுப்புகின்றது. ஓரளவு மாற்றத்தை அது தானே சரிசெய்துகொள்ளும். அளவு மீறினால் எச்சரிக்கை விளக்கு எரியும். கலவையில் பெட்ரோல் குறைந்து இயந்திரம் அளவிறந்து சூடேறவும் கூடும். இவற்றை முறையாகத் திருத்துவதற்குச் சைலன்ஸரின் விலைக்கு மேலும் செலவாகும்.

நஞ்சை மாற்றும் கலம்

மேற்கூறியவை எல்லாம் பணத்தைப் பற்றியன. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. பெட்ரோல் முற்றிலும் எரிவதில்லை. ஆதலால் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் கொடிய நச்சுவாயுவும், எரியாத ஹைட்ரோகார்பன்களும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கலந்துள்ளன. இவற்றை மாற்றுவதற்கே புகைக்குழாயின் நடுவில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்னும் கலம் வைக்கப்பட்டுள்ளது. தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகளுடைய இக்கலத்தினுள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக அமைந்திருக்கும். ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வெப்பத்தை எய்தியவுடன் இவ்வுலோகங்கள் தாம் மாறாமலே புகையை மாற்றுகின்றன. நச்சுவாயு கரியமிலவாயுவாகின்றது, ஹைட்ரோகார்பன்கள் கரியமிலவாயுவும் நீராவியும் ஆகின்றன, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் தீங்கற்ற நைட்ரஜனாகின்றன.

இந்தியாவில் 1995 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கலம் கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் இவ்வுலோகப் பூச்சைக் கெடுத்துவிடுமாதலால், ஈயம் கலந்த பெட்ரோலும் 2000 ஆம் ஆண்டில் நாடெங்கும் ஒழிக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதி நடைமுறைக்கு வந்தபின், இருசக்கர வண்டிகளும் மிகக் கடுமையான அளவிற்கு உட்பட்டன. இவ்வளவு முயற்சியால் வைக்கப்பட்ட கலத்தை, முழுப் புகைக்குழாயையும் மாற்றுவோர் ஒரு ஸ்பானரால் அரைமணியிற் கழற்றி எறிந்துவிடுகின்றனர்.

அதன் பயனை அனுபவிப்போர் யாவர்? இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்குகளில், குளிர்கால விடியலில், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோல் கவிந்து நிற்றல் இயற்கை. அப்பொழுது தெருவில் விடப்பட்ட புகை மேலெழுந்து கலையாமல் தெருவிலேயே தங்கும். அதனைச் சுவாசிப்போர் வண்டியோட்டியைவிட மிகுதியாக, தேநீர்க் கடைக்காரரும், பஸ் நிலையத்தில் பூ விற்பாரும், பள்ளிக்கு நடந்து செல்லும் சிறாருமே. மேலும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் சூரிய வெளிச்சத்தில் சேர்ந்து ஓஸோன் வாயுவை உண்டாக்குகின்றன. தரைமட்டத்தில் அவ்வாயு மனிதரின் நுரையீரலோடு பயிர்களின் இலைகளையும் தாக்கும். 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையைத் தன் பெருமையாகக் கொண்ட கம்பத்தார் இதனை எண்ணிப்பார்த்தல் தகும்.

ஓசையும் சட்டமும்

நான்காவது காரணமாகிய ஓசையைப் பற்றி ஒரு சொல். ஓசையை டெசிபல் என்னும் அளவையால் அளப்பர். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். செவிக்கு அது இருமடங்காகத் தோன்றும். 2005 முதல் நடைமுறைக்கு வந்த வரம்பின்படி, புதிய மோட்டார் சைக்கிள்களில் 80 முதல் 175 கன சென்டிமீட்டர் வரை உள்ளவை 77 டெசிபலுக்கும், அதற்கு மேற்பட்டவை 80 டெசிபலுக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் ஓசையைக் கேட்கலாம் என்றும், 90 டெசிபலாயின் 4 மணி நேரமே கேட்கலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. தட்டியற்ற குழாயின் முழக்கத்தை மிக அண்மையிலிருந்து நாள்தோறும் கேட்பது அதனைப் பூட்டியவரின் செவியே அன்றோ?

சட்டமும் இதனை அனுமதிப்பதில்லை. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120 ஆவது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் ஓசையை இயன்றவரை குறைக்கும் சைலன்ஸர் இருத்தல் வேண்டும் என்கின்றது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52 ஆவது பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று தடுக்கின்றது. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் உடையவர்க்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓசை, புகை ஆகியவற்றின் வரம்பை மீறி ஓட்டுவோர்க்கு முதற்குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், மூன்று மாத காலம் லைசென்ஸ் இழப்பும் நேரக்கூடும். இந்திய நகரங்கள் பலவற்றில் போலீசார் இத்தகைய சைலன்ஸர்களைப் பறிமுதல் செய்து, ரோடு ரோலரின் கீழ் இட்டு நசுக்கியதும் உண்டு. மேற்கூறிய 6,000 ரூபாயோடு இவற்றையும் செலவுப் பத்தியில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபலே வரம்பு. மருத்துவமனைகளையும் கல்வி நிலையங்களையும் சுற்றி 100 மீட்டர் வரை உள்ள இடம் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படுதற்குரியது. ஆங்கு வரம்பு இன்னும் 5 டெசிபல் குறைவு. கானகத்திலோ இது மேலும் கருதத்தக்கது. மேகமலைக் காடுகள் 2021 ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயின. யானையும் சிங்கவால் குரங்கும் வாழும் அம்மலையில் ஓசை எழுப்பிச் செல்வது, பிறர் வீட்டினுள் புகுந்து முரசறைதல் போன்றதே.

மாற்றவேண்டிய காலம்

இவ்வளவும் கூறியதனால் புகைக்குழாயைக் கவனியாது விடுக என்பது நம் கருத்தன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகின்றது என்பதைப் பலர் அறியார். நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி அந்நீர் ஆவியாகிச் செல்லும். வீட்டிற்கும் கடைத்தெருவிற்குமாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது குழாயினுள்ளேயே தங்கி, உள்ளிருந்து துருவை உண்டாக்கும். வெளியே மழையும் சேறும் அத்துருவிற்குத் துணை செய்யும்.

துருவினால் குழாய் ஓட்டைப்பட்டாலும், இயந்திரத்தோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கட் கெட்டாலும் காலந்தாழ்த்தலாகாது. அவ்வழியே வெளிக்காற்று புகுந்தால் உணர்கருவி ஏமாற்றமுற்று, பெட்ரோலை மிகுதியாக விடும்படி செய்தி அனுப்பும், செலவு கூடும். கார்களில் நேரும் அபாயம் இதனினும் பெரிது. கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட ஈர்ப்போடு இதனைப் பற்றிக்கொள்ளும். குளிருக்கு அஞ்சி மலைமேல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டுக் காரினுள் உறங்குவோர், குழாய் ஒழுகுமாயின் மீண்டும் எழாமற்போகலாம். மலைப்பயணத்திற்கு முன் வண்டியை உயரத் தூக்கி, இணைப்புகளிற் கரிபடிந்த கோடுகள் உளவா, சீறும் ஒலி கேட்கின்றதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்த்தல் அறிவுடைமை. பழுதுற்ற குழாய்க்குப் பதிலாக, கம்பெனியாரின் உரிய பாகத்தையோ, அவ்வண்டிக்கென அங்கீகரிக்கப்பட்ட பாகத்தையோ பூட்டுதல் வேண்டும். இதுவே நூற்றுக்கு நூறு பயன்தரும் மாற்றம்.

பந்தயத்தில் ஆர்வமுடையோர்க்கும் வழியுண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயக் களங்கள் உள்ளன. ஆங்கு ஓடும் வண்டிகளில் காற்று வழி, எரிபொருள் அளவு, வால்வுகளின் காலம், புகைக்குழாய் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று இயைய அமைக்கப்படுகின்றன. அங்ஙனம் இயைந்தபோதே புதிய குழாய் தன் முழுப்பயனைத் தரும். டர்போ பொருத்திய பெட்ரோல் கார்களில் புகையே காற்றுச் சுழலியை இயக்குவதால், குழாய் மாற்றத்தின் பயன் சற்று மிகுதி என்பதும் உண்மையே. ஆயினும் நஞ்சை மாற்றும் கலத்தை நீக்கிப் பெறும் ஆற்றலைப் பொதுச்சாலையில் யாரும் நியாயமாக அனுபவித்தல் இயலாது.

மாணவ நண்பர்களே, மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து முடிவு தெளிவாகின்றது. பழுதுற்ற புகைக்குழாயை மாற்றுதல் கடமை. பந்தயக் களத்திற்கென முறையாக அமைத்தல் ஒரு கலை. பழுதற்ற குழாயைக் கழற்றி, பொதுச்சாலையில் ஓசைக்காக வேறொன்றைப் பூட்டுதல் வீண் செலவு. அதிலும் ஏற்றமும் வளைவும் நிறைந்த நம் பள்ளத்தாக்கில் வேண்டிய இழுவிசையை இழந்து, வேண்டாத முழக்கத்தை வாங்குவதாக முடிகின்றது. கையிலே பணமிருந்து, வண்டிக்கு ஏதேனும் செய்தல் வேண்டும் என்னும் ஆவலும் இருக்குமாயின், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குக, வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் செய்க, சங்கிலிக்கு எண்ணெயிடுக, தேய்ந்த டயரையும் பிரேக்கையும் மாற்றுக. போடிமெட்டின் பதினேழாவது வளைவில் நம்மைக் காப்பவை இவைகளே.